ஜூலையில் பிறக்கும் சங்கம், ஜூனில் திறக்கும் பள்ளி

ரோட்டரிக்கும் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்கும் ஆண்டு பிறப்பது ஜூலை 1-ஆம் தேதி. முடிவது அடுத்த ஜூன் 30. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறப்பது பெரும்பாலும் ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள். அந்த ஜூன் மாதத்தில் பழைய தலைவரின் திட்டப் பணம் தீர்ந்திருக்கும். புதுத் தலைவர் பதவியேற்பு விழாவுக்கு மண்டபமும் சிறப்பு விருந்தினரும் தேடிக்கொண்டிருப்பார். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் வருஷத்திலேயே அதிகச் செலவு வந்து விழும் மாதத்தில், சங்கத்தின் காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றிவிட்டு நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா நடக்கும். அதற்குள் அந்த நோட்டை அம்மா வாரக்குழுக் கடனில் (குழுவாகச் சேர்ந்து வாங்கி வாரவாரம் தவணை கட்டும் சிறு கடன்) வாங்கி, பல தவணையும் கட்டியிருப்பார்.

இந்த நாட்காட்டி நம் ஊரில் போட்டதில்லை. 1905-ல் சிகாகோவில் ரோட்டரி, 1917-ல் மறுபடி சிகாகோவில் அரிமா என்று இந்தச் சங்கங்கள் இரண்டுமே அமெரிக்க ஊரில் பிறந்தவை. அங்கே பள்ளி திறப்பது ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில். ஜூலையில் பதவியேற்றாலும் கையில் ஒன்றரை, இரண்டு மாதம் இருக்கும். நமக்கு அந்த அவகாசம் இல்லை. பன்னாட்டுச் சங்கத்தின் கிளையாக இல்லாமல் ஊருக்குள்ளேயே தொடங்கிய நற்பணி மன்றம், முன்னாள் மாணவர் சங்கம் போன்றவைக்கு இந்தக் கட்டாயமே கிடையாது. ஆனாலும் பெரிய சங்கங்களைப் பார்த்து அதே பாணியில் விழா வைக்கிற பழக்கம் அவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏழைக் குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஒரு சிறிய ஊர்ச் சங்கம், இருபது முப்பது உறுப்பினர்களோடு, என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் அரசு என்ன கொடுக்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், பை, காலணி, வண்ணப் பென்சில், வடிவியல் பெட்டி எல்லாம் வகுப்பு வாரியாக வருகிறது. சத்துணவில் பெயருள்ள பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடை. தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவு. மதிய உணவோடு வாரத்துக்கு ஐந்து முட்டை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். இவ்வளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால், எழுதாமல் விட்ட இடங்கள் கண்ணில் படும். எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒன்பதும் பத்தும். ஏப்ரல் கடைசிக்கும் ஜூனுக்கும் நடுவில் நாற்பது நாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்கும் கல்லூரி உதவித்தொகையின் முதல் தவணைக்கும் நடுவில் சில மாதம். சங்கத்தின் பணம் போக வேண்டிய இடம் இவைதான். ஏற்கெனவே நோட்டு கிடைத்த பிள்ளைக்கு இன்னும் ஆறு நோட்டு கொடுப்பதில் தப்பில்லை, பயனும் பெரிதாக இல்லை.

பட்டியல்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பட்டியல் தயாராகிவிட வேண்டும். தலைமையாசிரியரிடம் "ஏழைப் பிள்ளைகள் ஐம்பது பேர் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்கும் பட்டியல் பாதிதான் உதவும். ஆசிரியருக்குக் கண்ணில் படுவது தினமும் பள்ளிக்கு வருகிற, வாய் திறந்து பேசுகிற பிள்ளை. அடிக்கடி லீவு போடுகிற பிள்ளையின் பெயர் அதில் விட்டுப்போகும். அதனால் கேட்க வேண்டியது வேறு: வருகைப் பதிவேட்டில் மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் யார், சென்ற ஆண்டு இடையில் நின்று திரும்பி வந்தவர்கள் யார், பாட்டி வீட்டில் வளர்பவர்கள் யார். அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ரேஷன் கடை விற்பனையாளர் மூவரிடமும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு பேர் வாயில் ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டுக்குப் போகலாம்.

ரேஷன் அட்டையை மட்டும் நம்பி ஏழ்மையை அளக்க முடியாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் அட்டை உண்டு. மாதம் 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டை என்றால் ஓரளவு அடையாளம். அட்டையே இல்லாத வீடுதான் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் இருக்கும்: வாடகை வீடு மாறி மாறி வந்தவர்கள், பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய் மழைக்கு முன்னால் திரும்புகிறவர்கள், கணவன் வீட்டு அட்டையில் பெயர் மாட்டிக்கொண்டு பிறந்த வீட்டில் இருக்கும் பெண்கள். இந்தக் கடைசி வகையினர் விதவை உதவிக்கும் வர மாட்டார்கள், ஏனென்றால் கணவன் உயிரோடு எங்கோ இருக்கிறான். கணவனால் கைவிடப்பட்டவர் என்று வருவாய்த் துறையில் ஒரு சான்றிதழ் உண்டு. அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

வீட்டுக்கு இரண்டு பேர் போக வேண்டும், ஒருவராவது பெண் உறுப்பினர். சங்கத்துச் சட்டை வேண்டாம், கழுத்துப் பட்டை வேண்டாம், கேமரா வேண்டவே வேண்டாம். "மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நமக்குப் பிடித்த பதிலாக வரும். "போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைச்சுது, அக்கா?" என்று கேட்டால் மூன்று நாள், நான்கு நாள் என்று உண்மை வரும். வாரக்குழுவுக்கு எந்தக் கிழமை கட்ட வேண்டும், எத்தனை குழு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று குழுவில் தவணை ஓடும் வீட்டில் வருமானம் நன்றாகவே இருந்தாலும் சாப்பாட்டுக்குக் காசு மிஞ்சாது.

எண்ணிக்கை முக்கியம். முப்பது உறுப்பினர் உள்ள சங்கம் முப்பது குடும்பத்துக்கு மேல் ஏற்கக் கூடாது என்பது என் கணிப்பு. ஒரு உறுப்பினருக்கு ஒரு குடும்பம், பிள்ளையின் பள்ளிப் படிப்பு முடியும்வரை. முந்நூறு பேருக்கு ஒரு நாள் கொடுப்பது செய்தித்தாளில் அழகாக இருக்கும். அந்த முந்நூறு பேரில் அடுத்த ஆண்டு யார் பள்ளியில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மே மாதப் பசி

பள்ளி மூடினால் காலை உணவும் இல்லை, மதிய உணவும் இல்லை, முட்டையும் இல்லை. ஆண்டு முழுக்க இரண்டு வேளை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை கோடை விடுமுறையில் வீட்டில் சாப்பிட வேண்டும், அதுவும் வயல் வேலை குறையும் காலத்தில். கோடையில் ஐந்து கிலோ அரிசிப் பை வழங்கும் சங்கங்கள் உண்டு. ரேஷனில் அரிசி இலவசமாகவே வருகிறது. குறைவது பருப்பும் எண்ணெயும் முட்டையும் காயும்தான். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைக்கும், ஆனால் அட்டைக்கு ஒன்று. நான்கு பேர் வீட்டில் அது இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். எனவே கோடைப் பையில் போட வேண்டியது: பாசிப் பருப்பு 1 கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர், வெல்லம் அரைக் கிலோ, சாம்பார்ப் பொடி. அரிசி வேண்டாம்.

முட்டைக் கணக்கு இது. 60 பிள்ளைகள், 40 நாள், நாளைக்கு ஒன்று. மொத்தம் 2,400 முட்டை, 30 முட்டை டிரேயில் 80 டிரே. நாமக்கல் பண்ணை விலை தினமும் மாறும். முட்டை 6 ரூபாய் என்று வைத்தால் 14,400 ரூபாய். பதவியேற்பு விழாவின் சாப்பாட்டுச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

80 டிரேயையும் ஒரே நாளில் இறக்கினால் கெட்டுப்போகும். மே வெயிலில் வெளியில் வைத்த முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. வாரத்துக்கு 14 டிரே என்று வாங்கி, நிழலான அறையில் வைக்க வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று கழுவி அடுக்கக் கூடாது. மேலே இருக்கும் இயற்கையான பூச்சு போய்விட்டால் முட்டை சீக்கிரம் கெடும். வேக வைக்கும் முன்னால்தான் கழுவ வேண்டும். தண்ணீரில் போட்டு மேலே மிதப்பதை எறிந்துவிடுங்கள்.

முட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதா, ஓரிடத்தில் அவித்துக் கொடுப்பதா என்பதில் சண்டை வரும். வீட்டுக்குக் கொடுத்தால் தம்பி தங்கைக்கும் பங்கு போகும், பட்டியலில் உள்ள பிள்ளைக்குக் கால் முட்டைதான் மிஞ்சும் என்பார்கள். பங்கு போகத்தான் செய்யும். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் மட்டும் சாப்பிடுவானா? பட்டியலிலேயே வீட்டின் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிவிட்டால் இந்தச் சண்டை தீர்ந்தது. ஊர் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ காலை பத்து மணிக்கு அவித்துக் கொடுத்தால், கூடவே ஒரு மணி நேரம் கதைப் புத்தகம், கேரம் போர்டு என்று உட்கார வைக்கலாம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குச் சுண்டல். 40 பேருக்கு 2 கிலோ காய்ந்த கடலை போதும். இரவு ஊறினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆளுக்கு 100 கிராம் வரும். கோடையில் ஊறவைத்த தண்ணீரை நடுவில் ஒரு தடவை மாற்றாவிட்டால் விடியும்போது நுரைத்துப் புளித்து நிற்கும். அதை அலசி வேக வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

காகிதம்

பணமே அதிகம் தேவைப்படாத, ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் பெற்றுத் தரும் வேலை இதுதான். சங்கங்கள் தொடத் தயங்குவதும் இதைத்தான், ஏனென்றால் புகைப்படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். எல்லாருக்கும் அது ஜூன், ஜூலையில்தான் நினைவுக்கு வரும். அந்த மாதங்களில் இ-சேவை மையத்தில் வரிசையும், கிராம நிர்வாக அலுவலரின் கணினியில் விண்ணப்பக் குவியலும் சேர்ந்து, நாள்கள் வாரங்களாகும். மே முதல் வாரத்தில் விண்ணப்பித்தால் கூட்டம் குறைவு. இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பிக்கும் முன் அந்த நபருக்கு இ-சேவைத் தளத்தில் பதிந்த குடிமக்கள் கணக்கு எண் இருக்க வேண்டும், அதற்கு ஓ.டி.பி. வர ஒரு கைப்பேசி எண் வேண்டும். பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். எப்போதோ பதிந்த எண் அப்பாவிடம் இருக்கும், அப்பா திருப்பூரில் இருப்பார், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் செத்தே போயிருக்கும். எனவே ஆளை இ-சேவைக்கு அழைத்துப் போவதற்கு முந்தைய நாளே "எந்த நம்பர் கொடுத்தீங்க, அந்த சிம் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டுவிட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரை ஓ.டி.பி. வரவில்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்த தடவை வர மாட்டார். அந்த ஒரு நாள் கூலியைச் சங்கமே ஈடு செய்வது நல்லது, இதைத் திட்டச் செலவாகவே எழுதலாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. உள்ளே பிறப்புச் சான்று, பிள்ளை ஆதார், பெற்றோர் ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பள்ளியின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு. எல்லாம் ஜெராக்ஸ் மட்டும். அசலைச் சங்கத்தில் வாங்கி வைக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஆதாரைப் போட்டு "யாராவது அப்ளை பண்ணுங்க" என்று சொல்லவே கூடாது.

பிறகு எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். தமிழ்ப் பெயருக்கும் ஆதாருக்கும் ஆகாது. பள்ளியில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கியில் முதலெழுத்தே இல்லாமல். ஆங்கிலத்தில் எழுதும்போது 'லட்சுமி' என்ற ஒரு பெயர் மூன்று விதமாக மாறும். எதைத் திருத்துவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு: பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து முதலில் ஆதார், பிறகு பள்ளிப் பதிவு, கடைசியில் வங்கி. வங்கியில் தொடங்கினால் ஆதார் மாறியதும் மறுபடி அலைய வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் பள்ளிப் பதிவைச் சரி செய்துவிட வேண்டும், பிறகு அது பெரும் பாடு. ஆதாரில் கைரேகையையும் கண் பதிவையும் 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். 15 வயது என்றால் பத்தாம் வகுப்பு. அந்த ஆண்டில் தவறவிட்ட பிள்ளைதான் பின்னால் உதவித்தொகைச் சரிபார்ப்பில் கைரேகை ஒத்துவராமல் திணறும்.

வங்கியில் இரண்டு பொறிகள். முதலாவது: "ஆதாரைக் கணக்கோட சேர்த்தாச்சே" என்று பாஸ்புக்கைக் காட்டுவார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியப் பட்டியலில் அந்த ஆதாரைக் கோத்து வைப்பது வேறு. இந்தக் கோத்தல் நடக்காவிட்டால் உதவித்தொகை புறப்பட்டு, போக வழி தெரியாமல் திரும்பிவிடும். ஒரே பிள்ளைக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாகக் கோத்த வங்கிக்குத்தான் பணம் போகும். வீட்டார் பழைய பாஸ்புக்கையே அச்சடித்துப் பார்த்து "வரல" என்று உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது பொறி: இரண்டு ஆண்டுகள் போடலும் எடுத்தலும் இல்லாத கணக்கு முடங்கும். ஆறாம் வகுப்பில் தொடங்கி மறந்த கணக்கு ஒன்பதில் செத்துக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஐம்பது ரூபாய் போட்டு எடுத்தால் போதும், முடங்காது.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு, அதாவது தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். ஒன்று மனத்திறன், மற்றது பாடம். பாடத் தாளைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். மனத்திறன் கேள்விகள், அதாவது எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், கடிகாரக் கோணம், குறியீட்டு மொழி எல்லாம் பாடநூலில் இல்லாதவை. சங்கத்தில் ஒரு பொறியாளரோ வங்கி ஊழியரோ ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நடக்கிற வேலை. நவம்பர் வரை வகைக்கு இரண்டு வாரம், அதன்பின் நேரம் வைத்து முழுத் தாள். கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்பது கடிகாரம் வைத்துப் பழகாத பிள்ளைக்குத் தேர்வறையில்தான் தெரியவரும். விடைத்தாளில் வட்டம் நிரப்பப் பழக்குவதும் இதில் சேர்த்தி, ஒரு கேள்வி தவறி வரிசை முழுக்க மாறிப்போன கதைகள் நிறைய.

தேர்வானதோடு வேலை முடிவதில்லை. தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றில் தொடர, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. புதுப்பிக்க மறந்து பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பணம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது.

தாய் தந்தையில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, அல்லது பெற்றோர் தீரா நோயில் இருக்கும் பிள்ளைகள் பட்டியலில் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துப் போங்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஆனாலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதே குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அறுவை சிகிச்சைக்கு அட்டை போதும். கூட இருப்பவரின் பஸ் காசு, சாப்பாடு, வேலைக்குப் போகாத பத்து நாள் கூலிக்கு அட்டை கிடையாது. சங்கம் கொடுக்க வேண்டியது அதை.

ஒன்பதாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு

எட்டோடு இலவசச் சீருடை நிற்கிறது. அதே ஆண்டில் பல கிராமங்களில் பள்ளியும் மாறுகிறது, தூரமும் கூடுகிறது. இடைநிற்றலுக்கு இதைவிடத் தோதான வருஷம் கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு செட் சீருடை தைத்துக் கொடுப்பதுதான் ஜூன் மாதத்தின் முதல் செலவு. துணியாகக் கொடுத்தால் தையல் கூலி வீட்டின் தலையில் விழும், சில சமயம் துணிக்கு ஆகும் அளவுக்கே. ஊர்த் தையற்காரரிடம் மே மாதமே அளவு கொடுத்து, சங்கம் நேரடியாகப் பணம் கட்ட வேண்டும். ஜூன் பிறந்தால் அவருக்குத் தனியார் பள்ளி வேலை குவியும், நம் துணி அடியில் போய்விடும். அந்த வயதுப் பையன் ஓராண்டில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்வான். பேன்ட் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம், இடுப்பில் ஓர் அங்குலம், சட்டைப் பக்கத் தையலில் கொஞ்சம் என்று உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் பிரித்துவிட்டால் மறு ஜூன் வரை ஓடும்.

போக்குவரத்தில் அரசு நகரப் பேருந்து வருகிற ஊருக்குப் பிரச்சினை குறைவு: மாணவருக்கு இலவசப் பயணம், பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை. தனியார் மினி பஸ் மட்டும் வருகிற ஊரில் தினமும் காசு வேண்டும். அங்கே சைக்கிள் வங்கி நன்றாக வேலை செய்கிறது. பன்னிரண்டு முடித்தவர்களின் அரசு சைக்கிள்கள் திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கும். நல்ல விலை கொடுத்து வாங்கி, டியூப், பிரேக் கட்டை, செயின், பெடல் மாற்றி, பால்ஸ் போட்டு கிரீஸ் தடவி, ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துப் பதினொன்றில் அரசு சைக்கிள் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. ஊரில் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்கு வைத்துவிட வேண்டும். பஞ்சருக்குக் காசில்லாமல் நிற்கும் சைக்கிள் பள்ளிக்குப் போகாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில்தான் மிகப் பெரிய பணத் தவறு நடக்கிறது. தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, "இப்ப ஐயாயிரம் கட்டி சீட்டைப் பிடிங்க, அப்புறம் கிடைக்காது" என்று சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார். அப்பாவும் நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவார். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் பொறியியலில் கிடைக்கும் கட்டணச் சலுகை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, அதில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பது எல்லாமே அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக இடத்தில் சேர்ந்த அன்றே அவை போய்விடும். எனவே ஏப்ரலில், முடிவு வருவதற்கு முன்பே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் வீடுகளுக்குச் சங்கத்தில் இருந்து போய்ச் சொல்ல வேண்டியது ஒன்றே: அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை மே மாதமே வாங்கி வைக்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு தாலுகா அலுவலகத்தில் நிற்க நேரம் இருக்காது.

கல்லூரியில் சேர்ந்தபின் வரும் மாதம் 1,000 ரூபாய் பெரிய துணை. ஆனால் அது வருவதற்கு முன்னால் விண்ணப்பக் கட்டணம், பஸ், விடுதி முன்பணம், இரண்டு உடை, ஒரு பெட்டி, தட்டு, வாளி என்று முதல் மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகிவிடும். ஐந்து பிள்ளைகளுக்கு 50,000 ரூபாய். இதற்கென்று ஒரு முதல் மாத நிதியை ஏப்ரலிலேயே தனியே ஒதுக்கித் தொடாமல் வைத்திருந்தால், கந்துவட்டிக்காரர் அந்த வீட்டுப் படி ஏற மாட்டார்.

மேடை, பணம், பாதுகாப்பு

ஒரு நோட்டை ஆறு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க, நடுவில் பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் படம் எல்லா ஊர்ச் செய்தியிலும் வரும். பதினான்கு வயதுப் பெண் அந்த மேடையில் ஏறுவதைவிட அன்று லீவு போட்டுவிடுவாள், போடவும் செய்கிறார்கள். பொருளைத் தாய் தந்தை கையில், கடையில் டோக்கனாக, தையற்கடையில், பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். விழா வேண்டும் என்றால் உறுப்பினர்களுக்கு வையுங்கள், பொன்னாடையும் போர்த்திக்கொள்ளுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். சங்கத்தின் முகநூலும் ஊடகம்தான்.

பணத்துக்கு அரிமா சங்கங்களில் ஒரு நல்ல விதி உண்டு: பொதுமக்களிடம் திரட்டியது முழுக்கப் பொதுமக்களுக்கே. நிர்வாகச் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்து. இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. எந்தச் சங்கமும் இதை எடுத்துக்கொள்ளலாம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிய ஏழு பேர் போதும். வரிவிலக்கு ரசீது தர 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிப் பதிவு வேண்டும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு விலக்குக் கிடைக்காது, பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் அதிகம் தவறு நடக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் சிக்கலில்லை. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

குடும்பத்துக்கு ரொக்கம் கொடுக்கலாமா என்பது தீராத வாதம். குடித்துவிடுவார்கள் என்பார்கள். கட்டணம், துணி, மருந்துக்கு நேரடியாகக் கட்டிவிடுவது வசதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாவு, விபத்து, திடீர் ஆஸ்பத்திரி என்றால் இரண்டு நாளுக்குள் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயைத் தாயின் கையில் கொடுப்பதற்கு இணையில்லை. அடுத்த கூட்டம் கூடித் தீர்மானம் போடும்வரை அந்த வீடு காத்திருக்காது. தலைவரும் பொருளாளரும் மட்டும் கையெழுத்திட்டு எடுக்கக்கூடிய ஓர் அவசரத் தொகைக்கு முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள்.

மாலை வகுப்பு, முட்டைக் கூடம், எதுவானாலும் ஓர் உறுப்பினர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். கதவு திறந்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் அனுப்பிவிட வேண்டும். உறுப்பினர் பிள்ளைக்குத் தனியே வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றி ஏதாவது சொன்னால் சங்கத்துக்குள் விசாரணை நடத்தக் கூடாது, ஊர்ப் பெரியவரிடம் பேசித் தீர்க்கவும் கூடாது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காதது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மீண்டும் ஜூன் 30-க்கு வருகிறேன். பன்னாட்டுச் சங்கத்தின் ஆண்டை மாற்ற யாராலும் முடியாது. மாற்றக்கூடியது ஒப்படைப்பு. பழைய தலைவர் மார்ச் கூட்டத்திலேயே ஏப்ரல், மே, ஜூன் செலவுக்குத் தீர்மானம் போட்டு, அந்தப் பணத்தைத் திட்டக் கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும். புதுத் தலைவர் ஏப்ரல் முதலே வீட்டு வருகைகளில் கூடவே போக வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு நீள நோட்டு: குடும்பத்துக்கு ஒரு பக்கம், பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் பெயர், பிள்ளை எந்த வகுப்பு, எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதி, உதவித்தொகையை எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், எந்த சைக்கிள் யாரிடம், சீருடை அளவு, தையற்காரர் பாக்கி. கடைசிப் பக்கத்தில் அடுத்த கோடைக்கான கணக்கு, பென்சிலில்: 60 பிள்ளை, 40 நாள், 80 டிரே, பண்ணை விலை ஏப்ரல் 20 அன்று கேட்க வேண்டும்.